கார் கம்பெனி வேகமாக வளர்ந்தால் காரின் தரம் அடிவாங்குமா?

கேள்வி இதுதான்: ஒரு கார் கம்பெனி நாலைந்து வருஷத்தில் விற்பனையை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆக்கிவிட்டது. எந்தத் தெருவில் பார்த்தாலும் அதன் வண்டிதான் நிற்கிறது. இந்த வேகத்தில் தரம் குறையாதா? இப்போதே வாங்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?

எண்ணிக்கை கூடுவதால் மட்டும் தரம் குறைவதில்லை. எந்த வழியில் கூடியது என்று பார்க்க வேண்டும். இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் மாடலை, அதே ஆலையில், பழகிய ஆட்களை வைத்து, அதே சப்ளையர்களிடம் பாகம் வாங்கி மாதம் 10,000-லிருந்து 12,000 ஆக்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆரம்பக் கோளாறுகள் அதற்குள் களையப்பட்டிருக்கும் என்பதால் வண்டி முன்னைவிட நன்றாகவே வரலாம். புது மாடல், புது ஆலை, புது ஆட்கள், புது சப்ளையர் என்ற நாலில் ஒன்று மாறினால் சமாளித்துவிடுவார்கள். இரண்டு மாறினால் தடுமாறுவார்கள். மூன்று, நாலு என்று ஒரே நேரத்தில் மாறினால் அந்த முதல் வருஷத்து வண்டியை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன், கம்பெனி எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும்.

வேகம் ஆலைக்குள் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு ஆலையில் இரண்டு ஷிஃப்ட், இடைவேளை போக ஒரு நாளைக்கு 900 நிமிடம் அசெம்பிளி லைன் நகர்கிறது, 900 கார் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லைனில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு காருக்கு 60 வினாடி கிடைக்கும். இதற்கு டாக்ட் டைம் என்று பெயர். தேவை 20 சதவீதம் கூடி நாளைக்கு 1,080 கார் வேண்டும் என்றால் அந்த நேரம் 50 வினாடியாகிறது. 56 வினாடி வேலையைக் கையில் வைத்திருந்தவர் ஆறு வினாடி வேலையை அடுத்த ஸ்டேஷனுக்குத் தள்ளியாக வேண்டும். அங்கே இருப்பவரும் தன் வேலையில் கொஞ்சத்தைத் தள்ளுவார். இப்படி லைன் முழுக்க வேலைப் பங்கீடு மாறும், கைப்பழக்கம் கலையும். சரியாகச் செய்யும் ஆலைகள் புதிய ஸ்டேஷன்களைச் சேர்த்து, வரிசையை எழுதிப் பழக்கி, பிறகுதான் வேகத்தைக் கூட்டும். அவசரப்படும் ஆலை முதலில் வேகத்தைக் கூட்டிவிட்டு, வரும் குறைகளைக் கடைசியில் ரிப்பேர் பகுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும்.

அப்படி விடுபடும் குறைகளுக்கு ஒரு குணம் உண்டு: ஆலையை விட்டு வெளியேறும்போது எல்லாம் வேலை செய்யும். வயரிங் கனெக்டரை உள்ளே தள்ளி 'டிக்' என்று பூட்டு விழும்வரை அழுத்த வேண்டும். அவசரத்தில் முக்கால்வாசி போனாலும் மின்சாரம் ஓடும், கடைசிச் சோதனையில் பச்சை விளக்கு எரியும். மூன்று மாதம் குண்டுகுழியில் ஓடிய பிறகு அது தளர்ந்து, ஏதோ ஒரு எச்சரிக்கை விளக்கு வந்து வந்து போகும். சர்வீஸ் சென்டரில் காட்டும்போது மட்டும் எரியாது. கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, மெஷினால் முறுக்க மறந்த போல்ட்டும் இதே கதைதான். அதனால்தான் சக்கரம், ஸ்டியரிங், பிரேக், சீட் பெல்ட் போல்ட்டுகளுக்கு ஒவ்வொன்றின் முறுக்கு அளவையும் பதிவு செய்யும் டூல்கள் வைக்கப்படுகின்றன. அளவு எட்டவில்லை என்றால் லைன் நகராது. உள் அலங்கார கிளிப்புக்கு அந்தக் காவல் கிடையாது. வேகமாக வளரும் கம்பெனியின் வண்டியில் கடகட சத்தம் முதலில் டேஷ்போர்டிலிருந்தும் கதவிலிருந்தும் வருவதற்கு இது ஒரு காரணம்.

வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு விஷயம் மூன்றாவது ஷிஃப்ட். இரண்டு ஷிஃப்ட் ஓடும் ஆலையில் நடுவே சில மணி நேரம் காலியாக இருக்கும். அச்சுகளைத் துடைத்துப் பாலிஷ் போடுவது, ரோபோவின் பழுது பார்ப்பது, விடுபட்ட எண்ணிக்கையை ஓவர்டைமில் ஈடுகட்டுவது எல்லாம் அந்த இடைவெளியில்தான். ஒரு சாதாரண காரின் பாடியில் நாலாயிரம், ஐயாயிரம் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் இருக்கும். வெல்டிங் முனையில் இருக்கும் செம்புத் தொப்பி அடிக்க அடிக்க நசுங்கி அகலமாகும்; சில நூறு புள்ளிக்கு ஒருமுறை அதைச் சீவ வேண்டும், பிறகு மாற்ற வேண்டும். முனை அகன்றால் அதே கரன்ட் அதிகப் பரப்பில் பரவும். வெளியில் புள்ளி நன்றாகத் தெரியும், உள்ளே இரண்டு தகடும் சரியாக உருகி ஒட்டியிருக்காது. மூன்றாவது ஷிஃப்ட் வந்ததும் பராமரிப்புக்கு இருந்த அந்த நேரம் போய்விடுகிறது. திட்டமிட்ட ஆலை பராமரிப்பை ஷிஃப்டுக்குள்ளேயே புகுத்தும். திட்டமிடாத ஆலை தள்ளிப்போடும்.

ஆனால் பெரிய கோளாறுகள் கார் ஆலையில் பிறப்பதைவிட சப்ளையரிடம் பிறப்பதே அதிகம். திருகு வரை எண்ணினால் ஒரு காரில் சுமார் 30,000 பாகங்கள். அவற்றில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருபவை. சப்ளையர் ஒரு பாகத்தைத் தொடர்ந்து அனுப்ப அனுமதி பெறும் முன் பி.பி.ஏ.பி. என்ற நடைமுறை உண்டு. உண்மையான மெஷினில், உண்மையான வேகத்தில், வழக்கமாகக் குறைந்தது 300 பாகங்களைத் தொடர்ச்சியாகச் செய்து, அளவெடுத்து, கணக்கோடு காட்ட வேண்டும். தேவை திடீரென இரண்டு மடங்கானால் சப்ளையர் இரண்டாவது அச்சு ஒன்றைச் செய்து போடுவார். படத்தில் அது அதே பாகம். நடைமுறையில் புது பாகம்தான்: குளிர்விக்கும் குழாய் கொஞ்சம் தள்ளி இருந்தாலே பிளாஸ்டிக் வேறு விதமாகச் சுருங்கும். ஆகவே இரண்டாவது அச்சுக்கும் தனியாக அனுமதி வேண்டும். அவசரத்தில் 'ஏற்கெனவே பாஸ் ஆன பாகம்தானே' என்று விட்டுவிடுவது நடக்கும். முதல்நிலை சப்ளையரிடம் இது ஓரளவு பிடிபடும். அவருக்கு வேலை செய்துதரும் சின்னப் பட்டறையில் நடந்தால் கார் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது.

சின்ன சறுக்கல் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு பாகத்தின் அளவு, அனுமதித்த எல்லைக்குள் எவ்வளவு வசதியாக அடங்குகிறது என்பதை சி.பி.கே. என்ற எண்ணால் சொல்வார்கள். அது 1.33 என்றால், அளவு நடுவில் இருக்கும் பட்சத்தில், பத்து லட்சத்துக்குச் சுமார் 63 பாகம் எல்லை தாண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு காரில் முக்கியமான அளவுகள் 500 இருந்து, எல்லாமே 1.33-ல் இருந்தால் நூற்றுக்கு மூன்று காரில் ஏதோ ஒன்று எல்லை தாண்டியிருக்கும். 1.67 என்றால் பத்தாயிரத்துக்கு மூன்று கார். 1.0 ஆக இறங்கினால் பத்து லட்சத்துக்கு 2,700. சராசரியாக ஒவ்வொரு காரிலும் ஒன்றுக்கு மேல். தேய்ந்த டூலை இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம் என்று எடுக்கும் முடிவுதான் 1.67-ஐ 1.33 ஆக்குகிறது. வளர்ச்சிக் காலத்தில் அந்த முடிவு தினமும் எங்கோ ஒரு பட்டறையில் எடுக்கப்படுகிறது.

இனி உண்மையில் நடந்ததைப் பார்ப்போம். இந்தக் கேள்விக்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் டொயோட்டா. அதில் பாதிதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. 2000-ல் டொயோட்டா குழுமத்தின் உற்பத்தி சுமார் 60 லட்சம். 2007-ல் அது 95 லட்சம். உலகச் சந்தையில் 15 சதவீதம் என்ற இலக்கை 2002-ல் அறிவித்தார்கள். 2008-ல் ஜெனரல் மோட்டார்ஸைத் தாண்டி முதலிடம். இதே காலத்தில் முக்கியமான பாகங்களின் செலவை 30 சதவீதம் குறைக்கும் திட்டமும் ஓடியது. அடையாளங்கள் முன்கூட்டியே தெரிந்தன. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 2006 கடைசியில் திறந்த புது ஆலையில், புது ஆட்களைக் கொண்டு, புது மாடலான பெரிய டன்ட்ரா பிக்கப்பைத் தொடங்கினார்கள். நான் மேலே சொன்ன நாலில் மூன்று. 2007-லேயே அந்த வண்டியின் 5.7 லிட்டர் வி8 எஞ்சினில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) உடைந்த சம்பவங்கள் வந்தன. சப்ளையரின் வார்ப்பில் குறை. எண்ணிக்கை என்னவோ இருபது அளவில்தான். ஆனால் கேம்ஷாஃப்ட் உடைவது டொயோட்டாவில் யாரும் எதிர்பார்க்கிற விஷயம் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், டொயோட்டா என்றாலே கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்யும் வழக்கத்தை நிறுத்தியது.

பிறகு 2009, 2010. ஆகஸ்ட் 2009-ல் கலிபோர்னியாவில் டொயோட்டாவின் சொகுசுப் பிராண்டான லெக்ஸஸ் கார் ஒன்று கட்டுப்பாடின்றிப் பாய்ந்து நான்கு பேர் இறந்தார்கள். வேறு மாடலுக்கான தடித்த ரப்பர் மேட் அந்தக் காரில் போடப்பட்டிருந்தது. ஆக்சிலரேட்டர் பெடல் அதில் மாட்டிக்கொண்டது. மேட் பிரச்சினைக்காக முதலில் சுமார் 38 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. ஜனவரி 2010-ல் இன்னொரு ரீகால், 23 லட்சம் வண்டிகள். இது பெடலே ஒட்டிக்கொள்ளும் பிரச்சினை, முந்தையதிலிருந்து வேறு.

அந்தப் பெடலைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பழைய கார்களில் பெடலிலிருந்து எஞ்சினுக்குக் கம்பி போகும். உறைக்குள் கம்பி உரசுவதால் காலுக்கு ஒரு பிடிப்பு கிடைக்கும். மின்னணு பெடலில் கம்பி இல்லை, சென்சார் மட்டும்தான். அந்தப் பிடிப்பைச் செயற்கையாகக் கொடுக்க, பெடலின் அடியில் ஒரு உரசு கட்டை வைத்தார்கள். தேய்மானமும் ஈரம் படிவதும் சேர்ந்தபோது அந்த உரசல் அளவுக்கு மீறிக் கூடியது. காலை எடுத்தாலும் பெடல் மெதுவாகத் திரும்பியது, சில நேரம் பாதியில் நின்றது. தீர்வு ஒரு சின்ன எஃகுத் துண்டு: உரசும் இரண்டு பரப்புக்கும் நடுவே இடைவெளி வருமாறு அதைச் செருகினார்கள். கவனிக்க வேண்டியது, அமெரிக்காவின் சி.டி.எஸ். நிறுவனம் செய்த பெடலில்தான் இந்தக் குறை. ஜப்பானின் டென்சோ செய்த பெடலின் வடிவமைப்பு வேறு, அதில் பிரச்சினை இல்லை. வளரும்போது ஒரே வேலைக்கு இரண்டு சப்ளையர், இரண்டு வடிவமைப்பு என்று போவது சாதாரணம். ஒவ்வொன்றையும் எத்தனை வருஷத்து ஈரத்திலும் தேய்மானத்திலும் வைத்துச் சோதித்தார்கள் என்பதில்தான் வித்தியாசம் வருகிறது.

பிப்ரவரி 2010-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் ஆஜரான அகியோ டொயோடா இதை மறைக்கவில்லை. வளர்ந்த வேகம் அதிகமாகிவிட்டதோ என்று அஞ்சுவதாகவும், முதலில் பாதுகாப்பு, அடுத்து தரம், பிறகு எண்ணிக்கை என்ற வரிசை குழம்பிவிட்டதாகவும் சொன்னார். கம்பெனித் தலைவரே சொன்ன பிறகு வாதமே இல்லை என்று பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும். மின்னணுக் கோளாறால் கார்கள் தானாகப் பாய்ந்தன என்ற குற்றச்சாட்டை நாசா பொறியாளர்கள் ஆராய்ந்தார்கள். அப்படி ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று 2011 பிப்ரவரியில் முடிவு வந்தது. ஆக உண்மையான குறைகள் மேட்டும் பெடலும். அவற்றைவிடப் பெரிய தப்பு, தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லாதது. 2014-ல் அமெரிக்க நீதித்துறையுடன் செய்த உடன்பாட்டில் கட்டிய 120 கோடி டாலர் அதற்குத்தான். வேகமாக வளரும் கம்பெனியில் தகவல் மேலே போகும் பாதையும் நெரிசலாகிறது. வெளிநாட்டுக் கிளையில் வரும் புகாரைப் படித்து, தலைமையகத்தில் முடிவெடுக்க வேண்டிய ஆட்கள் அதே பழைய எண்ணிக்கையில்தான் இருப்பார்கள்.

அதற்குப் பிறகு டொயோட்டா செய்தவை பார்க்கத்தக்கவை. தரத்துக்கென்று சுமார் 1,000 பொறியாளர்களை ஒதுக்கினார்கள். புது மாடல் உருவாக்கும் கால அட்டவணையில் சோதனைக்காக நான்கு வாரம் சேர்த்தார்கள். 2013-ல், மூன்று வருஷத்துக்குப் புது ஆலையே கிடையாது என்று அறிவித்தார்கள். போஸ்டர் ஒட்டுவது, உறுதிமொழி எடுப்பது போன்றவற்றைவிட இந்த மாதிரி நேரத்தையும் ஆட்களையும் திருப்பிக் கொடுக்கும் முடிவுகளே வேலை செய்கின்றன.

ஒரே கட்டடத்தில் இரண்டு விதமான வளர்ச்சியைக் காட்டும் இடம் ஒன்று உண்டு: கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட். ஜெனரல் மோட்டார்ஸ் மூடிய அந்த ஆலையை 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக நும்மி என்ற பெயரில் திறந்தன. பழைய ஆட்களில் பெரும்பாலானவர்களையே எடுத்துக்கொண்டார்கள். அவர்களோ முன்பு தரத்துக்கும் வருகைக்கும் கெட்ட பெயர் வாங்கியவர்கள். ஆனால் காரை மாற்றவில்லை. ஜப்பானின் தகஓகா ஆலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கொரோலாவின் மறுவடிவம்தான் முதல் கார். குழுத் தலைவர்களை நூற்றுக்கணக்கில் ஜப்பானுக்கு அனுப்பி, அந்த லைனிலேயே நிறுத்திப் பழக்கினார்கள். எண்ணிக்கையை மெதுவாக ஏற்றினார்கள். கொஞ்ச காலத்திலேயே அங்கே வந்த கார்கள் ஜப்பானில் செய்தவற்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன.

நும்மி 2010-ல் மூடப்பட்டது, டெஸ்லா அதை வாங்கியது. 2017 ஜூலையில் மாடல் 3-ன் முதல் கார்களைக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவுக்குள் வாரம் 5,000 கார் என்பது இலக்கு. மூன்றாம் காலாண்டில் வந்தவை 260, நான்காம் காலாண்டில் 2,425. ரோபோக்களை அளவுக்கு மீறி நம்பியதுதான் சிக்கல். உதாரணமாக, பேட்டரி மேல் கண்ணாடி இழை விரிப்பை எடுத்து வைக்க ஒரு ரோபோ. அது விரிப்பை ஒழுங்காகப் பிடிக்கவே இல்லை. கடைசியில் அந்த விரிப்பே தேவையில்லை என்று தெரிந்தது. அளவுக்கு மீறிய தானியங்கிமயம் தப்பு என்று எலான் மஸ்க்கே ஒப்புக்கொண்டார். வாரம் 5,000-ஐ 2018 ஜூன் கடைசியில் எட்டினார்கள், ஆலை வளாகத்தில் கூடாரம் போட்டு அதற்குள் இன்னொரு லைன் அமைத்து. பெயின்ட், பாடி இடைவெளி, கதவுப் பொருத்தம் பற்றிய புகார்கள் அந்தக் காலத்து வண்டிகளில் ஏராளம். 2020-ல் அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஜே.டி. பவரின் ஆரம்பத் தர ஆய்வில் டெஸ்லாவுக்கு 100 வண்டிக்கு 250 குறைகள், துறையின் சராசரி 166.

டெஸ்லா விஷயத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. 2018 மே மாதம் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சோதித்தபோது மாடல் 3, 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்தது, மோசமான எண். சில நாளில் கம்பியில்லா அப்டேட் அனுப்பி அதை 133 அடி ஆக்கினார்கள். மென்பொருள் குறை என்றால் இன்று விற்ற பிறகும் வீட்டு வாசலிலேயே திருத்தலாம். இதன் மறுபுறம், 'பிறகு அப்டேட்டில் பார்த்துக்கொள்ளலாம்' என்று முடிக்காத வண்டியை விற்கும் துணிச்சலும் வந்துவிட்டது. கதவு இடைவெளியை எந்த அப்டேட்டும் சரிசெய்யாது.

வளர்ச்சியும் தரமும் சேர்ந்தே ஏறியதற்கு ஹூண்டாய் நல்ல சாட்சி, பிறகு சேர்ந்து சறுக்கியதற்கும் அதுவே. 1986-ல் 4,995 டாலருக்கு எக்ஸெல் காரை அமெரிக்காவில் இறக்கினார்கள். முதல் வருஷமே 1,68,882 கார், அடுத்த வருஷம் இரண்டரை லட்சத்துக்கு மேல். விலை பார்த்து வாங்கியவர்கள் துருவும் ரிப்பேருமாக நொந்துபோனார்கள். 1998-ல் விற்பனை ஒரு லட்சத்துக்கும் கீழே. அதன் பிறகு எஞ்சின், கியர்பாக்ஸுக்கு 10 வருஷம் அல்லது ஒரு லட்சம் மைல் வாரன்டி கொடுத்தார்கள். இது விளம்பரத்துக்கு மேல் ஒரு கட்டாயம்: பாகம் போனால் பணம் தன் கையிலிருந்து போகும் என்பதால் உள்ளே தரத்துக்குச் செலவழித்தே ஆக வேண்டும். ஜே.டி. பவர் ஆய்வில் 1998-ல் 100 வண்டிக்கு 272 ஆக இருந்த குறைகள் 2004-ல் 102 ஆனது, ஹோண்டாவுக்குச் சமம். அந்த ஆறு வருஷமும் விற்பனையும் மளமளவென்று ஏறிய காலம்தான். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் சான்ட்ரோவோடு தொடங்கிய ஆலையும் இதே காலத்துப் பிள்ளை. 'வேகமாக வளர்ந்தால் தரம் போயே தீரும்' என்பவர்களுக்கு இதுதான் பதில்.

அடுத்த கட்டம். 2009-ல் அமெரிக்காவில் சுமார் 4.35 லட்சம் விற்ற ஹூண்டாய் 2011-ல் 6.45 லட்சம் விற்றது. அப்போது அலபாமாவில் செய்த சொனாட்டாவின் தீட்டா 2 எஞ்சினில் ஒரு குறை ஒளிந்திருந்தது. கிராங்க்‌ஷாஃப்ட்டுக்குள் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) ஆயில் போக மெல்லிய துளைகள் துளைப்பார்கள். துளைக்கும்போது உள்ளே உலோகப் பிசிறு நிற்கும். அதைச் சீவி, கழுவி எடுக்க வேண்டும். சில எஞ்சின்களில் அது முழுசாகப் போகவில்லை. ஆயிலோடு நகர்ந்த பிசிறு பிஸ்டனை அந்தத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குக்குப் போகும் ஆயிலைத் தடுத்தது. பேரிங் சூடேறித் தேய்ந்து, தட்டும் சத்தம், பிறகு ஓடும்போதே எஞ்சின் இறுகி நிற்பது. 2015-ல் 4.7 லட்சம் சொனாட்டாக்கள், 2017-ல் அதே குழுமத்தின் கியாவையும் சேர்த்துப் பத்து லட்சத்துக்கு மேல் ரீகால். ரீகாலில் தாமதம் செய்ததற்காக 2020-ல் இரண்டு கம்பெனிக்கும் சேர்த்து 21 கோடி டாலர் அபராத உடன்பாடு. (பிசிறு யாரையும் விடுவதில்லை. 2024-ல் டொயோட்டாவும் எஞ்சினில் தங்கிய உலோகத் துகளுக்காகவே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டன்ட்ரா, லெக்ஸஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது.)

இந்தத் தேதிகளைக் கவனியுங்கள். கார் செய்தது 2011, ரீகால் 2015. வளர்ச்சிக் காலத்தின் தரத்தை அதே காலத்து மதிப்பெண்களை வைத்து அளக்க முடியாததற்கு இதுதான் காரணம். ஆரம்பத் தர ஆய்வு முதல் 90 நாளில் உரிமையாளர் சொல்வதைத்தான் எண்ணுகிறது: சத்தம், திரை உறைவது, கதவு மூடாதது. பேரிங் தேய்மானம், துரு, கியர்பாக்ஸ் உராய்வு எல்லாம் மூன்றாவது, ஐந்தாவது வருஷத்தில்தான் வெளியே வரும். அதற்குள் கம்பெனி இன்னும் பத்து லட்சம் விற்றிருக்கும். இதோடு பொதுப் பாகங்களின் விளைவும் சேர்கிறது. வேகமாக வளர ஒரே பிளாட்ஃபார்ம் (காரின் அடித்தளம்), ஒரே பெடல், ஒரே எஞ்சின் என்று பல மாடலில் போடுகிறார்கள். சோதனைச் செலவு ஒரு பாகத்தில் குவிவதால் அந்தப் பாகம் பொதுவாக நன்றாகவே இருக்கும். தப்பினால் மட்டும் ஆயிரக்கணக்கில் இல்லாமல் லட்சக்கணக்கில் தப்பும். ரீகால் எண் பெரிதாக இருப்பதை மட்டும் வைத்துக் குறைவிகிதம் அதிகம் என்று முடிவு செய்யாதீர்கள்.

ஆலை வேகத்தைவிட ஆபத்தானது வடிவமைப்பு மேசையின் வேகம் என்பது என் கருத்து. டைஹாட்சு அதற்கு உதாரணம். டொயோட்டாவின் சின்னக் கார்களைத் தோளில் சுமக்கும் கம்பெனி. 2023 டிசம்பரில் வெளியான சுயேச்சைக் குழுவின் அறிக்கை, 64 மாடல்களில், 25 வகைச் சோதனைகளில் 174 முறைகேடுகளைப் பட்டியலிட்டது. ஒன்று: மோதல் சோதனையில் ஏர்பேக்கை அதன் கட்டுப்பாட்டுக் கருவி வெடிக்க வைக்க வேண்டும். கருவி தயாராகவில்லை. சோதனைத் தேதி தள்ளவில்லை. டைமர் வைத்து வெடிக்க வைத்தார்கள். காரணமாக அறிக்கை சுட்டியது, வளைந்துகொடுக்காத, நெருக்கமான கால அட்டவணை. 2011-ல் வந்த மிரா ஈ:எஸ் காரைக் குறுகிய காலத்தில் முடித்து வெற்றி கண்டதும், அந்த அவசர அட்டவணையே வழக்கமாகிவிட்டது. கம்பெனி எல்லா மாடல்களின் அனுப்புதலையும் நிறுத்த வேண்டிவந்தது.

வளராத கம்பெனியிலும் தரம் கெடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2014-ல் சுமார் 26 லட்சம் கார்களின் இக்னிஷன் சுவிட்சுக்காக ரீகால் செய்த ஜெனரல் மோட்டார்ஸ், அந்தச் சுவிட்சை வடிவமைத்த காலத்தில் சந்தைப் பங்கை இழந்துகொண்டிருந்த கம்பெனி. சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங்கின் பிடிப்பு, வரைபடம் கேட்ட அளவைவிடக் குறைவு. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ முழங்கால் பட்டாலோ சாவி தானாகத் திரும்பி எஞ்சின் அணையும், ஏர்பேக்கும் செயலிழக்கும். 124 பேரின் சாவுக்கு நஷ்டஈடு கொடுக்கப்பட்டது. 2006 வாக்கில் சுவிட்சைத் திருத்தினார்கள், ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. அதனால் எந்தக் காரில் பழையது, எதில் புதியது என்று விசாரித்தவர்களாலேயே வருஷக்கணக்கில் பிரிக்க முடியவில்லை. பணமில்லாத அவசரமும் பணம் பார்த்த அவசரமும் ஒரே இடத்தில்தான் வெட்டுகின்றன: சோதனையிலும் பதிவேட்டிலும்.

வாங்குபவர் என்ன செய்வது? முதலில், கம்பெனி வளர்ந்த விதத்தை நாலு கேள்வியில் பிரித்துவிடலாம். மாடல் வந்து எத்தனை மாதம்? எந்த ஆலை, அது எத்தனை வருஷமாக ஓடுகிறது? எஞ்சினும் கியர்பாக்ஸும் பழைய மாடலிலிருந்து வந்தவையா, புதியவையா? பேட்டரி அல்லது முக்கிய மின்னணு பாகத்தின் சப்ளையர் சமீபத்தில் மாறினாரா? பழைய எஞ்சினோடு புது பாடி என்றால் பயப்பட அதிகமில்லை. வருவது சத்தமும் சாஃப்ட்வேரும்தான். புது எஞ்சின், புது கியர்பாக்ஸ் என்றால் எட்டு முதல் பன்னிரண்டு மாதம் பொறுங்கள். முதல் ஆயிரக்கணக்கான வண்டிகளின் வாரன்டிப் புகார் வந்து, பாகம் திருத்தப்பட்டு, லைனுக்கு வர அவ்வளவு காலம் பிடிக்கும். காத்திருப்புக் காலம் ஆறு மாதம் என்று ஷோரூமில் பெருமையாகச் சொன்னால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்: ஆலையின் கழுத்தில் கத்தி இருக்கிறது என்று அர்த்தம்.

வண்டியைப் பதிவு செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இடது வலது கதவு, பானட், டிக்கி இடைவெளிகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். கதவுக் கீல் போல்ட்டில் பெயின்ட் விரிசல் விட்டிருந்தால் பிறகு கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அது தப்பில்லை, ஏன் என்று கேளுங்கள். ரப்பர் பீடிங் ஓரத்தில் பெயின்ட் தூசி இருந்தால் மறுபடி பெயின்ட் அடித்த வண்டி. பம்பர் நிறமும் ஃபெண்டர் நிறமும் கொஞ்சம் மாறுவது சாதாரணம். அடுத்தடுத்த கதவுகளில் மாறினால் விடாதீர்கள். கார்பெட்டுக்கு அடியில் கை வைத்து ஈரம் பாருங்கள். டயர் பக்கத்தில் இருக்கும் நாலு இலக்க எண் வாரமும் வருஷமும்: 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். ஐந்து டயரும் காரின் தயாரிப்பு மாதத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும்; காரைவிட டயர் புதியதாக இருந்தால் மாற்றியிருக்கிறார்கள். ஸ்கேன் கருவியில் பதிவான கோளாறுக் குறிகளைக் காட்டச் சொல்லுங்கள், அழித்துவிட்டுக் காட்டாமல்.

சர்வீஸ் பக்கம்தான் நம்மூரில் வளர்ச்சி முதலில் வலிக்கும் இடம். உங்கள் மாவட்டத்தில் அந்தக் கம்பெனிக்கு 5,000 கார், ஒவ்வொன்றும் வருஷத்தில் இரண்டு தடவை வருகிறது என்றால் 300 வேலை நாளில் தினமும் 33 கார். ஒரு பே (ஒரு வண்டியை நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) நாளைக்கு மூன்று, நாலு கார் முடிக்கும். பத்து பே வேண்டும். கார் 10,000 ஆகி பே அதே பத்து என்றால் மெக்கானிக் ஒரு வண்டிக்குக் கொடுக்கும் நேரம் பாதி. அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறதா என்று வாங்கும் முன்பே போன் போட்டுத் தெரிந்துகொள்ளலாம். கார் இல்லை, ஸ்கூட்டர் என்றாலும் கிருஷ்ணகிரியில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக் விஷயம் இதையே காட்டியது. 2023 செப்டம்பரிலிருந்து 2024 ஆகஸ்ட் வரை தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வந்த 10,644 புகார்களைச் சுட்டி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவீதத்தைத் தீர்த்துவிட்டதாகக் கம்பெனி பதில் கொடுத்தது. புகார்களில் கணிசமானவை சர்வீஸ் தாமதம் பற்றியவை.

இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் அரசே கட்டாய ரீகாலுக்கு உத்தரவிடலாம். ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும், கம்பெனிக்கு 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். உங்கள் காரின் சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். வேறு நாட்டில் அதே எஞ்சின் விற்றால் அங்கே ரீகால் வந்ததா என்றும் பாருங்கள். பல நேரம் அங்கே முதலில் வரும். நீட்டித்த வாரன்டி வாங்குவதா என்ற கேள்விக்கு, வளர்ச்சிக் காலத்து வண்டி, புது எஞ்சின் என்றால் வாங்குங்கள் என்பேன். நாலாவது, ஐந்தாவது வருஷத்தை அது மூட வேண்டும், எஞ்சின் உள்பாகங்களும் கியர்பாக்ஸும் பட்டியலில் இருக்க வேண்டும். ஆயில் மாற்றிய பில்களைத் தேதியும் கிலோமீட்டரும் தெரியும்படி பத்திரப்படுத்துங்கள். பேரிங் போய் எஞ்சின் மாற்றக் கேட்கும் நாளில் கம்பெனி முதலில் கேட்கும் காகிதம் அதுதான்.